துண்டு முனையில் சீனி

எங்கள் வீட்டு அடுப்பில் கப்பை ஏறாது. காயலுக்கு நடுவில் இருக்கும் இந்தத் தீவில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பொழுது விடிந்தால் எல்லா வீட்டிலும் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வேகும் வாசனைதான் வரும். கிழங்கும் மீன்குழம்பும் இல்லாத நாள் இங்கே விரத நாள். எங்கள் வீட்டில் மட்டும் அது நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. மெடிக்கல் காலேஜில் ஓர் இளம் டாக்டர் என் அப்பாவின், எங்கள் அச்சனின், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டிய நாளோடு நின்றது.

படத்தில் அச்சனின் வயிற்றுக்குக் குறுக்கே யாரோ கைதவறி நொய்யரிசியைச் சிந்தியதுபோல வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. கணையத்தில் கல் என்றார் டாக்டர். சின்ன வயதிலிருந்து அச்சனைச் சுருட்டிப் போட்ட வயிற்றுவலிக்கு அதுதான் காரணம், கணையம் கெட்டதால்தான் இப்போது சர்க்கரை வியாதியும் வந்திருக்கிறது என்றார். "ஒல்லியான ஆளுங்க, கப்பையே தின்னு வளர்ந்தவங்க, இவங்களுக்குத்தான் இது நிறைய வருது" என்றும் ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்தில் நின்ற பெரிய டாக்டர் உடனே மறுத்தார். அதெல்லாம் இன்னும் நிச்சயமில்லை, இவருடைய அண்ணன் தம்பிகளும் அதே பானையில்தானே சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் வரவில்லையே என்றார். அம்மாவின் காதில் முதல் டாக்டர் சொன்னது மட்டும்தான் விழுந்தது. கல்யாணமான நாள் முதல் கப்பை வேகவைத்துப் போட்டது அவள் கைதானே.

அச்சன் தினமும் ஊசி போட்டுக்கொண்டார். சர்க்கரை ஏறினால் சோர்ந்து கிடப்பார். அதைவிடப் பயம், இறங்குவதுதான். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் அவருக்குச் சட்டென்று இறங்கிவிடும். மேலுதட்டில் முத்துமுத்தாக வேர்க்கும். கண் எதையோ பார்த்துச் சிரிக்கும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். ஒரு தடவை அம்மாவைப் பார்த்து எழுந்து நின்று, "கலெக்டர் மேடம், உக்காருங்க" என்றார். அம்மா அவர் வாயில் சீனியைத் திணித்துக்கொண்டே, "கலெக்டர்தான் தேங்கா மட்டையடிச்சுக் கஞ்சி ஊத்துறா, வாயத் திறங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் அச்சன் தெளிந்து, "என்னடி, மறுபடி உளறிட்டேனா?" என்று கேட்டார். அழுகையும் சிரிப்புமாக எங்களுக்கு மூச்சு முட்டியது.

அதனால் அம்மா எப்போதும் தோளில் போடும் துண்டின் முனையில் ஒரு பிடி சீனியை முடிந்து வைத்திருப்பாள். அவள் தேங்காய் மட்டை அடித்து நார் எடுக்கப் போகும் நேரத்தில் அச்சனோடு ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆட்களைக் கண்டால் நாக்கு உள்ளே போய்விடும் பெண் நான். வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பேனே தவிர, சத்தம் வராது.

அச்சன் நாற்பத்தொரு வயதில் போனார். கடைசியில் எலும்பும் சிரிப்பும்தான் மிச்சம் இருந்தன. அதற்குப் பிறகும் அம்மா துண்டு முனையில் சீனி முடிவதை விடவில்லை. காலையில் குளித்துத் துண்டை உதறினால் கை தானாகச் சீனி டப்பாவுக்குப் போகும். மட்டை அடிக்கும் இடத்தில் பெண்கள் கேலி செய்வார்கள்: "தேவயானி சேச்சி வந்துட்டா. எறும்பெல்லாம் வழி விடுங்க!"

என்னைப் பெண் பார்க்க சுகதன் வந்தது ஒரு சனிக்கிழமை. குண்டறையில் தையல்கடை வைத்திருப்பவன், இருபத்தேழு வயது, அம்மா அப்பா இல்லை, மாமா திவாகரன்தான் எல்லாம் என்று தரகர் செல்லப்பன் சேட்டன் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிடுவதாக ஏற்பாடு. படகு தாமதமாகி, அவர்களுடைய வள்ளம் எங்கள் கடவுக்கு, வீட்டு முன்னால் இருக்கும் படகுத்துறைக்கு, வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகுகாலம் தொடங்கும். திவாகரன் மாமா வள்ளத்தைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்கும் கடவுக்கும் நடுவில் நாலு தென்னைதான். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனாலும் அவர்கள் இன்னும் வரவில்லை என்றுதான் நாங்களும் நடந்துகொள்ள வேண்டும். மூன்று பேர் வெயிலில் வள்ளத்தில் உட்கார்ந்து காயலைப் பார்த்தார்கள். நாங்கள் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி வாசல் பெருக்கினோம். அம்மா ஒரு தடவை மனசு கேட்காமல், "மோர் கொண்டு போய்க் குடுக்கட்டுமா?" என்றாள். பக்கத்து வீட்டு வசுமதி சேச்சி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வராத ஆளுக்கு மோர் எப்படிக் குடுப்பே? ராகு கோவிச்சுக்கும்."

பத்தரை ஆனதும் மூவரும் ஏதோ அப்போதுதான் வந்ததுபோல உற்சாகமாக இறங்கி வந்தார்கள்.

நான் உள்ளறையில் என் சித்தி மகளுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பையன் ஒல்லி. கழுத்தெலும்பு சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. முன்னால் அச்சப்பம், லட்டு, பழம், வறுவல் எல்லாம் தட்டில் இருந்தன. ஆனால் பெண் டீ கொண்டு வரும்வரை யாரும் தட்டில் கை வைப்பதில்லை. அதுதான் இங்கே மரியாதை.

"டீயில ஒண்ணுக்கு மட்டும் சீனி வேண்டாம்" என்று திவாகரன் மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பையனுக்கு இனிப்பு பிடிக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படி."

"நல்ல பழக்கம்தான். வீட்டுக்குச் செலவு மிச்சம்" என்றார் செல்லப்பன் சேட்டன்.

பேச்சு ஓடியது. வசுமதி சேச்சியின் கணவர், "கடையில எத்தனை மெஷின் இருக்கு தம்பி?" என்று கேட்டார்.

சுகதன் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து மெதுவாகச் சிரித்தான். "ஆமா, தண்ணி ஏறுது" என்றான்.

அப்புறம் அறையே வெடித்துச் சிரித்தது. "பொண்ணு வரதுக்கு முன்னாடியே பையன் மயங்கிட்டான்டா!" என்று செல்லப்பன் சேட்டன் தொடையில் தட்டினார். "சீக்கிரம் டீயக் கொண்டாங்க. இல்லேன்னா காயல்ல குதிச்சுடுவான்."

நான் சிரிக்கவில்லை. அவன் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துமுத்தாக வேர்த்திருந்தது. மின்விசிறி நேராக அவன் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் வைத்திருந்த விரல்கள் நடுங்கின. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

சமையலறைக்கு ஓடினேன். அம்மா புகைகிற அடுப்போடு போராடிக்கொண்டிருந்தாள். தட்டில் நாலு டம்ளர் டீ. சீனி போடாதது எதுவென்று தெரிவதற்காக அதன் மேல் ஒரு வெற்றிலையை மூடி வைத்திருந்தாள். வெற்றிலையை எடுத்துவிட்டு அந்த டம்ளரில் சீனியைக் கொட்டினேன். எத்தனை கரண்டி என்று பார்க்கவில்லை. சூடாக இருந்தால் குடிக்க நேரமாகும். பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினேன்.

"என்ன பண்றே மோளே?" என்றாள் அம்மா, புகைக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல."

டீயைப் பெரியவருக்குத்தான் முதலில் நீட்ட வேண்டும். அதை அம்மா காலையிலிருந்து எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் திவாகரன் மாமாவைத் தாண்டி நேராக சுகதன் முன்னால் போய் நின்றேன். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காத நான், "குடிங்க. ஒரே மூச்சா குடிங்க" என்றேன்.

"ஓஹோ! இப்பவே அதிகாரம் ஆரம்பிச்சாச்சா?" என்றார் திவாகரன் மாமா. மறுபடி சிரிப்பு. என் காது எரிந்தது. இருந்தும் நகரவில்லை. அவன் விரல்கள் டம்ளரைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதால் அடியில் என் கையை வைத்துக்கொண்டேன்.

ஒரு வாய் குடித்ததும் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு முழுவதையும் குடித்தான். நான் பழத்தை உரித்து நீட்டினேன். அதையும் வாங்கித் தின்றான்.

திவாகரன் மாமாவின் முகம் மாறியது. "டீயில சீனி போட்டுட்டியா பொண்ணே? சொன்னேனே!"

"இல்ல மாமா" என்றான் சுகதன். குரல் இப்போது தெளிந்திருந்தது. "சரியாத்தான் இருக்கு." பிறகு வசுமதி சேச்சியின் கணவரைப் பார்த்து, "மெஷின் மூணு சேட்டா. ஒண்ணு பழசு" என்றான்.

பையனும் பெண்ணும் கொஞ்சம் பேசட்டும் என்று எங்களை வெளியே அனுப்பினார்கள். காயலோரத்தில் ஊறப்போட்ட மட்டையின் வாடை அடிக்கும் இடத்தில் நின்றோம்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எங்கச்சனுக்கு இருந்துச்சு."

"சர்க்கரையா?"

"கணையத்துல கல்லு. அதனால சர்க்கரை."

அவன் தண்ணீரைப் பார்த்தான். "எனக்கும் அதேதான். பத்து வயசில வலி வந்தா தலையணையை வயித்துல அமுக்கிக் குப்புறப் படுத்துக்குவேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறேன்னு மாமா அடிச்சிருக்காரு. படத்துல கல்லைப் பாத்த அன்னிக்கு அந்த மனுஷன் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு."

"எங்கச்சனும் தலையணையத்தான் அமுக்கிக்குவாரு."

"காலையில ஊசி போட்டுட்டேன். பொண்ணு வீட்டுல நிறைய சாப்பிடணும்னு மாமா அரைத் தோசையோட எழுப்பிட்டாரு. ராகுகாலம் குறுக்க வரும்னு யாருக்குத் தெரியும்? பாக்கெட்டுல மிட்டாய் வெச்சிருப்பேன். அதையும் எடுத்துப் போட்டுட்டாரு. பொண்ணு பாக்கப் போறவன் சட்டையில மிட்டாய் இருந்தா என்ன நினைப்பாங்களாம். சர்க்கரை வியாதிக்கு இனிப்புன்னா விஷம்னுதான் அவரு நினைப்பு. இறங்குறப்ப எனக்கு அதேதான் மருந்துன்னு எத்தனை சொன்னாலும் தலைக்குள்ள ஏறல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். அப்புறம், "அச்சன் எத்தனை வயசில..." என்று தொடங்கி நிறுத்தினான்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். "நாப்பத்தொண்ணு" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினான். "உங்கம்மாகிட்ட நான் சொல்லணும். கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு மாமா சொல்றாரு. எனக்கு அது சரியாப் படல."

"சொல்லாதீங்க" என்றேன். அவ்வளவு சீக்கிரம் வாயிலிருந்து வந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. "சொன்னா அம்மா ஒத்துக்கவே மாட்டா."

"மறைச்சுக் கட்டினா மட்டும்? தூக்கத்துல எனக்கு இறங்கினா வீட்டுல இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது." பிறகு என்னைப் பார்த்துத் தயங்கி, "இன்னொண்ணு. இந்த ஜாக்கெட் உங்களுது இல்லதானே? தோள் ஒரு இஞ்ச் கூட இருக்கு" என்றான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு இவன்தான் என்று தோன்றியது. மேலுதட்டின் வேர்வையைப் பார்த்தபோது வந்தது பயம் மட்டும்.

அவன் நேராகச் சமையலறைக்குப் போனான். இங்கே பெண் பார்க்க வந்தவன் சமையலறைக்குள் போவதில்லை. வாசலில் நின்றபடி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கல், ஊசி, டீயில் சீனி, எதையும் விடவில்லை. கூடத்திலிருந்து திவாகரன் மாமா, "டேய், டேய்" என்று ஓடி வந்து பாதியில் நின்றுவிட்டார்.

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "சின்ன வயசில கப்பை தின்னியா?" என்று கேட்டாள்.

"வேற என்ன தின்னோம்மா? எங்க கூடப்பொறந்தவங்க நாலு பேரும் அதேதான். எனக்கு மட்டும் வந்துச்சு."

அம்மா அவனையே பார்த்தாள். "உன் அம்மா வெச்சுக் குடுத்தாங்களா?"

"ஆமா."

"அவங்க மேல உனக்குக் கோவம் இருந்துச்சா?"

கேள்வி அவனுக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா கோவம்? பசிச்சப்ப போட்டாங்க. இல்லாத வீட்டுல அதாவது இருந்துச்சே."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புகை நன்றாகவே இருந்தது, அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தட்டை எடுத்து, சோறு போட்டு, மீன்குழம்பை எண்ணெய் மிதக்காமல் அடியிலிருந்து அள்ளி ஊற்றினாள். அச்சனுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவள் அப்படித்தான் ஊற்றுவாள். "உக்காரு. சாப்பிட்டுட்டுத்தான் வள்ளத்துல ஏறணும். இந்த டீ ரொம்ப நேரம் தாங்காது."

பெண் வீட்டில் சோறு போட்டால் சம்மதம் என்று அர்த்தம். திவாகரன் மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நிச்சயத்துக்கு நாள்..."

"சோறு பசிக்குப் போட்டது" என்றாள் அம்மா. "சம்மதத்துக்கு இல்ல."

அவர்கள் கிளம்பும்போது அவள் கடவுவரை போனாள். வள்ளம் நகரும் நேரத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்து, முடிச்சோடு, சுகதன் மடியில் போட்டாள். "வழியில படகு தாமதமானா வாயில போட்டுக்கோ. மாமா சொல்றதக் கேக்காதே."

சாயங்காலம் அம்மா என்னிடம் சொன்னாள்: "நல்ல பையன். வேண்டாம்."

"ஏம்மா?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? கையில ஊசி, கண்ணுல பயம், ஒவ்வொரு வேளைச் சோறும் நேரத்துக்கு இறங்கிச்சான்னு பாத்துப் பாத்து... என் வயசு அதுலயே போச்சு. நீயும் அதுக்குள்ள போகணுமா? பள்ளிக்கூடத்த விட்டது போதாதா?"

"நீ அச்சனைக் கட்டாம இருந்திருந்தா நல்லதுன்னு நினைச்சிருக்கியா?"

"வாயை மூடு."

"ஒரு தடவையாவது?"

அவள் வெறும் தோளைத் தடவிக்கொண்டாள். துண்டு இல்லாத தோள். "சம்பாரிச்சதையும் செலவழிச்சதையும் கணக்குப் பாக்கற மாதிரி மனுஷனையும் கூட்டிக் கழிக்க முடியுமாடி?" என்று தனக்குள்ளே முனகினாள். பிறகு உரத்த குரலில், "நாப்பத்தொண்ணு. மறந்துடாதே" என்றாள்.

"மறக்கல. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "சொல்லிட்டியா? அதுக்கப்புறமும் எங்கிட்ட வந்து எல்லாத்தையும் சொன்னானா அவன்?"

அந்த வாரம் முழுவதும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் குளித்ததும் அம்மா வேறொரு துண்டை உதறுவாள். கை சீனி டப்பாவுக்குப் போகும். முனையில் முடிவாள். நார்க்குவியலுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து வேலை செய்வேன். ஒரு தடவை அவள் திடீரென்று, "பெரிய டாக்டர் என்ன சொன்னாரு அன்னிக்கு?" என்று கேட்டாள்.

"கப்பையாலதான்னு நிச்சயமில்லேன்னாரு. அண்ணன் தம்பிங்களுக்கு வரலியேன்னாரு."

"அதத்தான் இந்தப் பையனும் சொன்னான்" என்றாள். மட்டையை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். அடி சீராக விழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லப்பன் சேட்டன் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். "பையன் குடுத்து விட்டான். உங்க துண்டாம். எனக்கு இந்த வயசுல துணி தூக்கற வேலை" என்றார். "உங்க பதில் என்னன்னு கேக்கச் சொல்லல. நான்தான் கேக்கறேன். என் செருப்பு தேயுதில்ல?"

"வள்ளத்துல வரவருக்குச் செருப்பு எப்படித் தேயும்?" என்றாள் அம்மா.

பொட்டலத்தைப் பிரித்தாள். துண்டு துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. இங்கே யாரும் தோள் துண்டை இஸ்திரி போடுவதில்லை. அம்மா அதை விரித்து, தையல்காரன் வேலையைச் சோதிப்பதுபோல ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு போனாள். வழக்கமாக முடிச்சுப் போடும் முனை பல வருஷம் முறுக்கி முறுக்கி நைந்துபோயிருந்தது. அங்கே அவள் விரல் நின்றது.

நைந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே நிறத் துணியில் சின்னதாக ஒரு பை தைத்திருந்தான். உள்ளங்கையில் பாதி அளவு. உள்ளே இன்னொரு துணி வைத்து இரட்டையாகத் தைத்திருந்தது. மேலே மூடி. மூடிக்கு ஒரு பிரஸ் பட்டன். ஒரு கையாலேயே திறக்கலாம்.

அம்மா பட்டனைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

"அச்சனுக்கு இறங்குறப்ப முடிச்சு அவிழாது" என்றாள், யாரிடமும் இல்லாமல். "வேர்த்த கையில முடிச்சு இறுகிக்கும். பல்லால கடிச்சு அவுப்பேன்."



அம்மா எழுந்து உள்ளே போனாள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சின்னப் பை புடைத்திருந்தது. ஒருதரம் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். பிறகு துண்டைத் தன் தோளில் போடுவதுபோலத் தூக்கி, என் தோளில் போட்டாள். இஸ்திரிச் சூட்டின் வாசனையும் புதுநூல் வாசனையும் அடித்தன. அம்மாவின் வாசனை அதில் இல்லை.

"அப்படியே போட்டா எறும்பு வரும்" என்றாள், துண்டை என் தோளில் சரிசெய்தபடி. "பிளாஸ்டிக்குல சுத்தி வை."

பிறகு செல்லப்பன் சேட்டனைப் பார்த்து, "உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். "திவாகரன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நிச்சயத்துக்கு நாள் பாக்கறப்போ, அந்தப் பையன் சாப்பிடற நேரத்தையும் சேத்துப் பாக்கணும்."